மலை போன பிறகு பட்டியல் எதற்கு?

வெம்பக்கோட்டை அகழாய்வின் மூன்றாம் கட்டத்தில், 2024ஆம் ஆண்டு, திமிலுள்ள காளை ஒன்று செதுக்கப்பட்ட சூதுபவளக் கல் கிடைத்தது. விருதுநகர் மாவட்டமே அதைக் கொண்டாடியது, கொண்டாட வேண்டியதுதான். அந்தக் கல்லுக்கு இனி ஆபத்தில்லை. எந்தக் குழியில், எவ்வளவு ஆழத்தில் கிடைத்தது என்பதையெல்லாம் குறித்து, எண் போட்டு, தொல்லியல் துறை தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டுவிட்டது.

கையால் தூக்கிப் பெட்டியில் வைக்க முடியாத தொல்பொருளும் உண்டு. பாறையிலேயே செதுக்கப்பட்டது அது. பாறை நிற்கும்வரை இருக்கும். பாறைக்கு வெடி வைத்தால் அதோடு போய்விடும். பானையோட்டை மண் மூடிக் காத்து வைத்திருக்கிறது, இன்னும் நூறு ஆண்டு கழித்துத் தோண்டினாலும் கிடைக்கும். ஜல்லியாகிவிட்ட பாறையை எந்த அகழாய்வும் திருப்பித் தராது. அதனால்தான் இப்போதே உரக்கச் சொல்கிறோம்: ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், வத்திராயிருப்பு வட்டங்களில், தொல்லியல் தெரிந்த ஒருவர் ஏறிப் பார்த்துக் கையெழுத்திடாத எந்தக் குன்றிலும், எந்தக் கரட்டிலும் இனி துளைக்கருவி படக்கூடாது.

ஏன் இந்த மூன்று வட்டங்கள் என்று கேட்கலாம். மேற்கே மலை, அடிவாரத்தில் செம்மண், கிழக்கே போகப் போகக் கரிசல் என்று கிடக்கும் நிலம் இது. வைப்பாறும், அதில் கலக்கும் அர்ச்சுனா நதியும் காயல்குடி ஆறும் மழைக்காலத்தில் மட்டும் ஓடினாலும், மலையையும் மன்னார் வளைகுடாவையும் இணைக்கும் வழி அவைதான். வைப்பாற்றின் கரையிலுள்ள வெம்பக்கோட்டையில் 2022 மார்ச்சில் தொடங்கிய அகழாய்வு, அங்கே சங்கு அறுத்து வளையல் செய்த பட்டறை இருந்ததைக் காட்டியது. கடற்சங்கு அவ்வளவு தூரம் உள்ளே வந்திருக்கிறது. அதே மேட்டில் நுண்கற்கருவிகளும் கிடைத்தன. இரும்பு அறியாத வேட்டைக்காரர்கள் சில்லுச் சில்லாகப் பெயர்த்துச் செய்த சின்னஞ்சிறு கத்திகள் அவை. ராஜபாளையத்துக்குத் தெற்கே, இன்று தென்காசி மாவட்டத்தில் இருக்கும் மாங்குடியில் 2001-02இல் தோண்டியபோதும் இதே கதைதான்: நுண்கற்கருவி தொடங்கி, தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடு வரை ஒரே இடத்தில் அடுக்கடுக்காகக் கிடைத்தன. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரை போகும் சாலையில் உள்ள டி.கல்லுப்பட்டியில் 1976இலேயே அகழாய்வு நடந்தது.

வேட்டையாடியவர்கள், மாடு மேய்த்தவர்கள், தாழியில் முன்னோரைப் புதைத்தவர்கள், கடைசியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் என்று மூன்று பக்கமும் தடயம் கிடைத்திருக்கிறது. தண்ணீருக்கும் தேனுக்கும் மேய்ச்சலுக்கும் இந்த மக்கள் போயிருக்கக்கூடிய இடம் மலையும் அதன் அடிவாரமும்தான். அங்கே பாறையில் ஏதேனும் விட்டுச் சென்றிருக்கிறார்களா என்பதைப் பார்க்காமலேயே கல் உடைக்க உரிமம் கொடுப்பது எந்த வகையில் நியாயம்?

இதே மலையின் மறுபக்கம் என்ன கிடைத்தது என்று பாருங்கள். தேனி மாவட்டம் ஆண்டிபட்டி வட்டத்தில், வைகைச் சமவெளியிலுள்ள புலிமான்கோம்பையில், பேராசிரியர் கா. ராஜன் தலைமையிலான தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு 2006இல் மூன்று நடுகற்களைக் கண்டெடுத்தது. தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த கற்கள். அவற்றில் ஒன்று ஆநிரை கவர்ந்த பூசலில் இறந்த ஒருவனுக்காக நட்டது. இந்தியாவிலேயே எழுத்துள்ள மிகப் பழைய நடுகற்கள் என்று அறிஞர்கள் இவற்றைச் சொல்கிறார்கள். சங்கப் பாட்டில் படித்த ஆகோள் பூசல் கல்லில் எழுந்து நின்றது. வருசநாட்டு மலைக்கு அந்தப்புறம் இவ்வளவு இருந்தால் இந்தப்புறம் வெறும் பாறையாகவே இருக்கும் என்று நம்ப நமக்கு மனம் வரவில்லை.

பாறைச் செதுக்கல் என்றதும் கழுகுமலை வெட்டுவான் கோயிலையோ, மதுரைச் சாலையில் மூவரைவென்றான் குன்றில் குடைந்த சிவன் கோயிலையோ நினைத்துக்கொள்ள வேண்டாம். அவற்றைச் செய்த சிற்பியின் கையில் இரும்பு உளி இருந்தது, பின்னால் பாண்டிய அரசு இருந்தது. நாம் பேசுவது அவற்றுக்குப் பல நூறு ஆண்டுகள், சில இடங்களில் பல ஆயிரம் ஆண்டுகள் முந்தைய வேலையை. கடினமான கல் ஒன்றைக் கையில் பிடித்து, பாறையின் மேல்தோலைக் கொத்திக் கொத்திச் செய்தவை. கொத்திய இடம் புதிதில் வெளிறித் தெரியும். வெயிலும் மழையும் பட்டு நூற்றாண்டுகள் போகப் போக அதுவும் பாறையின் நிறத்துக்கே கறுத்துவிடும். உச்சிவெயிலில் அதன் மேல் கால் வைத்து நடந்தாலும் தெரியாது. அதிகாலையிலோ அந்தி சாயும்போதோ வெளிச்சம் படுக்கைவசத்தில் விழ வேண்டும். அப்போதுதான் கொத்திய பள்ளத்தின் ஒரு விளிம்பில் நிழல் சேரும். ஒரு மாட்டின் முதுகுக்கோடு, கொம்பின் வளைவு, மனித உருவம் ஒன்றின் விரித்த கைகள் மெல்லத் துலங்கும். கிண்ணம்போல் வரிசையாகக் கொத்திய சிறு குழிகளாக இருந்தால் மழை விட்ட அரை மணி நேரத்தில் பார்க்க வேண்டும். பாறை உலர்ந்திருக்கும், குழிகளில் மட்டும் தண்ணீர் நிற்கும். இயற்கையாக அரித்த பள்ளத்துக்கும் கை கொத்திய குழிக்கும் உள்ள வேறுபாட்டைப் பழகிய கண்ணே பிரித்துச் சொல்லும்.

இந்தக் குழிகளை அற்பமாக எண்ண வேண்டாம். மத்தியப் பிரதேசத்தின் பீம்பேட்காவிலும் தாராக்கி சட்டானிலும் உள்ள இதுபோன்ற குழிகளைத்தான் இந்தியாவின் மிகப் பழைய மனிதக் கலைக்குச் சான்றாக ஆய்வாளர்கள் காட்டுகிறார்கள். பெல்லாரி அருகே குப்கல் மலையில் புதிய கற்கால மாடு மேய்ப்பர்கள் காளைகளைக் கொத்தி வைத்திருக்கிறார்கள். அங்கே சில பாறைகளைக் கல்லால் தட்டினால் மணியோசை கேட்கும். அந்த மலையின் ஒரு பகுதியையும் கல்குவாரி தின்றுவிட்டது. நம் மாநிலத்தில் திண்டிவனம் அருகே பெருமுக்கல் குன்றில் முக்கோணமும் சதுரமுமாகக் கீறி வைத்த பாறை இருக்கிறது. மதுரை மாவட்டம் கருங்காலக்குடியில் ஒரே குன்றில் வெண்ணிற ஓவியமும் உண்டு, தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உண்டு. விழுப்புரம் மாவட்டம் கீழ்வாலையில் செங்காவி உருவங்கள்.

இந்த மூன்று இடங்களுக்கும் பொதுவான ஒன்று கவனிக்கத் தக்கது. மூன்றும் அடர்காட்டுக்குள் இல்லை. சமவெளியில் தனியாக நிற்கும் குன்றுகள். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பகுதிக்கு ஆபத்து எங்கே இருக்கிறது என்பதும் இதிலிருந்தே விளங்கும். மலையின் மேற்பகுதி ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம். 2021 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டது, நாட்டின் 51ஆவது காப்பகம். அதற்குள் குவாரி வராது. வெளியே நிற்கும் கரடுகளையும் ஊர்ப் பொதுவிலுள்ள மொட்டைப் பாறைகளையும் யார் காப்பது? வருவாய்க் கணக்கில் அவை கல்லாங்குத்து, தரிசு, புறம்போக்கு. அவற்றின்மேல் என்ன இருக்கிறது என்று எழுத அந்தக் கணக்கில் ஒரு கட்டம்கூட இல்லை.

சட்டமும் இங்கே கைகொடுப்பதில்லை. 1958ஆம் ஆண்டின் மத்தியச் சட்டமும் 1966ஆம் ஆண்டின் தமிழகச் சட்டமும் அரசு அறிவித்த சின்னங்களைக் காக்கின்றன. மத்தியச் சட்டத்தில் 2010இல் செய்த திருத்தப்படி, பாதுகாக்கப்பட்ட சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குத் தடை, அதற்கப்பால் 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. நல்ல ஏற்பாடுதான். பட்டியலில் ஏறாத பாறைக்கு இந்த மீட்டர்கள் எதுவும் பொருந்தாது. குவாரிக்கு விண்ணப்பம் வந்தால், சுற்றிலும் 300 மீட்டரில் வீடு, கோயில், புராதனச் சின்னம் எதுவும் இல்லை என்று கிராம நிர்வாக அலுவலர் சான்று கொடுப்பார். அவரைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. பட்டா, சிட்டா, அடங்கல் பார்க்கத்தான் அவருக்குப் பயிற்சி. மூவாயிரம் ஆண்டுக்கு முன் கொத்திய கோடுகளை உச்சிவெயிலில் நின்று கண்டுபிடிக்க அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. அவர் எழுதும் "இல்லை" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் அதற்கு மேலுள்ள அலுவலகங்கள் எல்லாம் கையெழுத்திடுகின்றன.

2021 நவம்பரில் மாநில அரசு ஒரு நல்ல ஆணை பிறப்பித்தது: தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம், காப்புக் காடு இவற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் குவாரி கூடாது என்றது. 2022 டிசம்பரில் அந்த வரிசையிலிருந்து காப்புக் காடுகள் நீக்கப்பட்டன. அடிவாரங்களுக்கு இருந்த ஒரு வேலி அதோடு போயிற்று. அதைத் திரும்பப் போட வேண்டும் என்பது நம் கோரிக்கைகளில் ஒன்று.

கல்லுக்கான தேவையோ ஏறிக்கொண்டே இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து ராஜபாளையம் வரும் சாலை நான்குவழியாகிறது. அதற்கு ஜல்லி வேண்டும், கிராவல் வேண்டும். தென் மாவட்டங்களில் உடைக்கும் கல்லும் எம்-சாண்டும் புளியரைச் சோதனைச்சாவடி வழியே டிப்பர் டிப்பராகக் கேரளத்துக்குப் போவதை ஊரே பார்க்கிறது. நம் மாவட்டத்திலேயே காரியாபட்டி அருகே ஆவியூரில் 2024 மே 1ஆம் தேதி, உழைப்பாளர் நாளன்று, குவாரி வெடிமருந்து வெடித்து மூன்று தொழிலாளர்கள் இறந்தார்கள். மனித உயிருக்கே இந்தக் கதி என்றால் பாறைக் கோட்டுக்கு யார் கவலைப்படுவார்கள் என்று சிலர் கேட்பார்கள். நாம் அதைத் திருப்பிப் போட்டுக் கேட்கிறோம்: கண்காணிப்பு அவ்வளவு தளர்ந்து கிடக்கும் இடத்தில், சத்தம் போடத் தெரியாத பாறை என்ன ஆகும்?

மதுரையில் என்ன ஆயிற்று என்பது நமக்குத் தெரியும். கீழவளவில் சமணர் படுக்கைகளும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டும் உள்ள பஞ்சபாண்டவர் மலை தப்பி நிற்கிறது. அதைச் சுற்றியிருந்த பாறைகள் கிரானைட் பலகைகளாகிக் கப்பல் ஏறிவிட்டன. அவை இருந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் தேங்கிய பள்ளங்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2014இல் இந்தக் கிரானைட் குவாரிகளை விசாரிக்க ஐ.ஏ.எஸ். அதிகாரி உ. சகாயத்தைச் சட்ட ஆணையராக அமர்த்தி, 2015இல் அவர் அறிக்கை தந்து, ஒரு லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்று சொன்னபோது நாடே அதிர்ந்தது. அந்தக் கணக்கில் சேராத இழப்பும் உண்டு. வெட்டிய குன்றுகளின்மேல் என்ன இருந்தது என்று யாரும் பார்த்து வைக்கவில்லை.

கீழவளவு இருக்கும் அதே மேலூர் வட்டத்தில் அரிட்டாபட்டி தப்பியது. அங்கே மக்களுக்குத் தங்கள் மலையில் என்ன இருக்கிறது என்பது தெரிந்திருந்தது. தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, தீர்த்தங்கரர் சிற்பம், குடைவரைச் சிவன் கோயில், சுனைகள், பருந்துகள் எல்லாவற்றையும் ஆண்டுக்கணக்கில் எடுத்துச் சொல்லி, 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்ற தகுதியை வாங்கினார்கள். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் ஊர் ஊராகத் திரண்டார்கள். டிசம்பரில் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரி 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அரிட்டாபட்டிக்காரர்களுக்குப் போராடும் துணிவு இருந்தது. கையில் காட்டச் சான்றும் இருந்தது. ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் துணிவு குறைவில்லை. சான்றைத் திரட்டும் வேலைதான் நடக்க வேண்டும்.

குவாரி மட்டுமே எதிரி என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. நீலகிரியின் கரிக்கையூரில், தமிழகத்தின் மிகப் பெரிய பாறை ஓவியத் தொகுதியை அழித்துக்கொண்டிருப்பவர்கள் வெடிமருந்தோடு வரவில்லை. கையில் ஆணியோடும் பெயின்டோடும் வந்தார்கள். பல ஆயிரம் ஆண்டு ஓவியத்தின்மேல் தங்கள் பெயரைக் கிறுக்கிவிட்டுப் போனார்கள். சதுரகிரிக்கு ஆடி அமாவாசைக்கு லட்சக்கணக்கானோர் ஏறுகிறார்கள். அய்யனார் கோயில் அருவிக்கும் செண்பகத்தோப்புக்கும் விடுமுறை நாளில் கூட்டம் குறைவதில்லை. பக்தியையோ குளிக்கும் ஆசையையோ நாம் குறை சொல்லவில்லை. பாறையில் பெயின்டால் அம்புக்குறி போடுவதும், பெயரும் இதயமும் கீறுவதும், படம் நன்றாக விழ வேண்டும் என்று பழைய கோட்டின்மேல் சாக்குக்கட்டியால் வரைவதும் நிற்க வேண்டும். சாக்குத்தூள்தானே என்று நினைப்பவர்கள் தெரிந்துகொள்ளட்டும்: அந்தத் தூளும் அதைத் தேய்த்துக் கழுவும் தண்ணீரும் பாறையின் பழைய தோலைக் கெடுத்துவிடும். பிறகு எந்த ஆய்வகத்தாலும் அதிலிருந்து காலத்தைக் கணிக்க முடியாது.

உலகம் இந்தக் கேள்வியை வெவ்வேறு விதமாகச் சந்தித்திருக்கிறது. போர்ச்சுகலில் கோவா ஆற்றுப் பள்ளத்தாக்கில் அணை கட்டிக்கொண்டிருந்தபோது, 1994இல், பழைய கற்காலக் குதிரைகளும் காட்டு மாடுகளும் செதுக்கிய பாறைகள் வெளிச்சத்துக்கு வந்தன. பள்ளி மாணவர்கள்வரை தெருவுக்கு வந்தார்கள். அடுத்த ஆண்டே அரசு அணை வேலையை நிறுத்தியது. 1998இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமானது. தென்கொரியாவின் பாங்குடே பாறையில் திமிங்கில வேட்டையைச் செதுக்கியிருக்கிறார்கள். அதற்குக் கீழே 1965இல் அணை கட்டிவிட்டார்கள், செதுக்கல் 1971இல்தான் கண்ணில் பட்டது. அரை நூற்றாண்டாக ஆண்டில் பல மாதம் அது தண்ணீருக்குள் முங்கி முங்கி எழுந்தது. 2025இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த பிறகும் அணை நீர்மட்டத்தோடு போராட்டம் தீரவில்லை. ஆறு ஆண்டு முந்திப் பார்த்திருந்தால் அணையை வேறு இடத்தில் கட்டியிருக்கலாம். ஆஸ்திரேலியாவின் ஜூகன் பள்ளத்தாக்கில் 46,000 ஆண்டு மனிதத் தடயமுள்ள குகையை 2020 மே மாதம் ரியோ டின்டோ நிறுவனம் இரும்புத்தாதுக்காக வெடித்தது. சட்டப்படி அனுமதி வாங்கித்தான் வெடித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டார்கள், தலைமை அதிகாரி பதவி விலகினார். குகை திரும்பவில்லை.

நமக்கு மிக அருகிலுள்ள முன்மாதிரி கொங்கணம். ரத்னகிரி மாவட்டத்துச் செம்பாறைத் தரையில் யானையும் காண்டாமிருகமும் மீனும் செதுக்கியவை ஆயிரத்துக்கு மேல் கிடைத்தன. கண்டுபிடித்தவர்கள் பெரிய நிறுவனத்தார் இல்லை. சுதீர் ரிஸ்பூட், தனஞ்செய் மராத்தே போன்ற உள்ளூர் ஆர்வலர்கள் ஓய்வு நேரத்தில் ஊர் ஊராகப் போய், ஆடுமாடு மேய்ப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுத் தேடினார்கள். 2022இல் அவை யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் ஏறின. பார்சு கிராமத்தில் எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை வருகிறது என்று 2023இல் மக்கள் எதிர்த்தபோது, அங்குள்ள செதுக்கல்களும் அவர்கள் பக்கம் நின்று பேசின.

நம் பக்கத்தில் அந்தத் தேடலுக்கு வழிகாட்ட வேண்டியவர்கள் பளியர்கள். செண்பகத்தோப்பிலும் அத்திகோயிலிலும் அய்யனார் கோயில் பக்கத்திலும் குடியிருக்கும் அவர்களுக்கு, தேனெடுக்கக் கயிறு கட்டி இறங்கிய பாறை ஒவ்வொன்றும் தெரியும். எந்தப் பொடவில் கரி படிந்திருக்கிறது, எந்தப் பாறையில் கோடு தெரியும் என்று அவர்களைக் கேட்காமல் நடத்தும் ஆய்வு பாதி ஆய்வுதான். தகவல் சொல்லிவிட்டு ஒதுங்கி நிற்பவர்களாக அவர்களை வைக்காமல், ஆய்வுக் குழுவில் ஊதியத்தோடு சேர்த்து, கண்டதில் அவர்கள் பெயரையும் எழுத வேண்டும். ஆடு மேய்ப்பவர்கள், விறகு பொறுக்கிய பாட்டிமார்கள், கல் உடைக்கும் தொழிலாளர்கள் எல்லாரிடமும் சொல்ல ஏதாவது இருக்கும். ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க் கல்லூரிகளில் வரலாறு படிக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல களப்பணி கிடைக்காது. ட்ரோன் பறக்கவிட்டுப் பாறையை முப்பரிமாணத்தில் பதிவு செய்ய, கிருஷ்ணன்கோவில் கலசலிங்கம் பல்கலைக்கழகத்தின் பொறியியல் மாணவர்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

ஒரு எச்சரிக்கை. கண்ட இடத்தைக் கண்ட அன்றே வரைபடத்தில் புள்ளி வைத்துச் சமூக ஊடகத்தில் போடாதீர்கள். காவலுக்கு ஆள் வருவதற்குள் கூட்டம் வந்துவிடும். சர்வே எண்ணை வருவாய்த் துறைக்கும் கனிமவளத் துறைக்கும் தொல்லியல் துறைக்கும் எழுத்தில் கொடுங்கள். பதிவு நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குவாரியை நம்பிப் பிழைக்கும் குடும்பங்கள் இருக்கின்றன, சாலையும் வேண்டும், வீடும் கட்ட வேண்டும். கல்லே உடைக்காதீர்கள் என்று நாம் சொல்லவில்லை. ஒரு குன்றை ஏறிப் பார்க்கப் பயிற்சி பெற்ற இருவருக்குச் சில காலைகளும் சில மாலைகளும் போதும். பல ஆண்டுக்குக் குத்தகை விடும் அரசுக்கு அவ்வளவு நேரம் காத்திருக்க முடியாதா?

விருதுநகர் மாவட்ட ஆட்சியர் இதற்குப் புதுச் சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. கல்குவாரி விண்ணப்பம் எதையும் தொல்லியல் துறையின் கள ஆய்வு அறிக்கை இல்லாமல் பரிசீலிக்கக் கூடாது என்று மூன்று வட்டாட்சியர்களுக்கும் கனிமவளத் துறை உதவி இயக்குநருக்கும் ஒரு சுற்றறிக்கை அனுப்பினால் போதும். தொல்லியல் துறை தன் பங்குக்கு, இந்த மலையடிவாரத்துக்கென்று ஒரு களக்குழுவை இந்த ஆண்டே அமர்த்த வேண்டும். அடுத்த குவாரி ஏல அறிவிப்பு மாவட்ட அரசிதழில் வருவதற்கு முன் அந்தச் சுற்றறிக்கை போய்ச் சேர வேண்டும்.